ஆசிட் ஹவுஸ் இசைத்தட்டு சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

"1987 சிகாகோ, முதல் பதிப்பு" என்று உறைமேல் ஒட்டியிருந்த சீட்டை நம்பி, மூன்று ஆண்டுகளுக்கு முன் 1980களில் சிகாகோவில் பிறந்த மின்னணு நடன இசையான ஆசிட் ஹவுஸின் ஒரு பன்னிரண்டு அங்குல இசைத்தட்டை 90 பவுண்டு கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து லேபிளை விளக்கடியில் பிடித்தபோது, விளிம்பையொட்டிப் பொடி எழுத்தில் ஓர் இணையதள முகவரி தெரிந்தது. 1987இல் எந்த இசைத்தட்டு நிறுவனத்துக்கு இணையதளம் இருந்தது? கடையில் நின்றபடியே பத்து விநாடி உற்றுப் பார்த்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். அன்று முதல் வாங்கும் முறையை மாற்றிக்கொண்டேன். அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ரெக்கார்ட் பிளேயரை எப்படி இணைப்பது, எந்த ஆம்ப்ளிஃபையர் நல்லது என்பதெல்லாம் இதில் இல்லை. தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைக்கத் தெரிந்தவருக்காக எழுதுகிறேன்.

1. காதுக்கா, கைக்கா?

முதல் பதிப்புதான் நன்றாக ஒலிக்கும் என்பது ஜாஸ், ராக் சேர்ப்பவர்களின் பழக்கம். இங்கே அது பெரும்பாலும் பொய்த்துப்போகும். சிகாகோவின் ட்ராக்ஸ் நிறுவனத்தை நடத்திய லாரி ஷெர்மன் இசைத்தட்டு அச்சிடும் ஆலையையும் கையில் வைத்திருந்தார். விற்காத பழைய தட்டுகளை அரைத்து, உருக்கி, அந்தப் பிளாஸ்டிக்கிலேயே புதிய தட்டுகளை அழுத்தியதாகப் பரவலாகச் சொல்லப்படும் கதை சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒருமுறைகூட ஊசி படாத அசலிலும் அடுப்பில் கடுகு வெடிப்பதுபோல் சத்தம் கேட்கலாம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கேட்டு மகிழத்தான் தட்டு வேண்டும் என்றால், நல்ல மறுபதிப்போ அதே பாடலின் பிரிட்டிஷ் பதிப்போ போதும். அந்தக் காலத்துப் பொருளையே கையில் பிடிக்க ஆசை என்றால் அசலைத் தேடுங்கள், சத்தத்தோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் செய்கிறேன். புதிதாக வருகிறவர் இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் சம்பளம் தாங்காது.

2. எங்கிருந்து ஆரம்பிப்பது

இந்த இசையின் உயிர் ரோலண்ட் டிபி-303 என்ற சிறு வெள்ளிநிறப் பெட்டியில் இருக்கிறது. தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்கு பேஸ் வாசித்துத் துணைநிற்பதற்காக 1981இல் உருவான கருவி அது. பேஸ் கிதார் போல ஒலிக்கவே இல்லை. 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடந்த ஒன்று சிகாகோவில் டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே மூவரிடமும் வந்துசேர்ந்தது. திருகக்கூடாத அளவுக்கு அதன் குமிழ்களைத் திருகியபோது, கூடம் முழுக்க நெளிந்து கத்துகிற அந்த ஒலி பிறந்தது. ஃப்யூச்சர் என்ற பெயரில் அவர்கள் செய்த 'ஆசிட் ட்ராக்ஸ்' 1987இல் வெளிவந்தது. ஒரு பக்கத்தையே நிறைத்துக்கொண்டு பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடும் பதிவு. ஆரம்பத்திலேயே இதன் அசலைத் தேடிப் போகாதீர்கள். எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். கள்ளப்பதிப்பு விற்பவருக்கும் அது தெரியும்.

பிரிட்டனிலிருந்து தொடங்குங்கள். 1988இல் இந்த இசை இங்கே காட்டுத்தீ போலப் பரவியது. டி மாப் குழுவின் 'வி கால் இட் ஆசீட்' தரவரிசையில் 3ஆம் இடம் வரை போனது. நான் வசிக்கும் மான்செஸ்டரின் எ கை கால்டு ஜெரால்டு செய்த 'வூடு ரே' 1989இல் 12ஆம் இடத்தைப் பிடித்தது. வெற்றி பெற்ற பாட்டு என்றால் தட்டுகள் நிறைய அச்சாகியிருக்கும், இன்றும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். விலை குறைவு, அச்சும் தரமாக இருக்கும், கையும் பழகும். 808 ஸ்டேட் குழுவின் 'நியூபில்ட்' 1988 அசல் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். 1999இல் ரெஃப்லெக்ஸ் நிறுவனம் மறுபதிப்பு கொண்டுவந்தது, கேட்பதற்கு அதுவே தாராளம்.

இதற்குச் சம்பந்தமில்லாததுபோல் தெரியும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இலேயே டிபி-303, டிஆர்-808 தாளப்பெட்டி, ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துப் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்து எச்எம்வி வழியாக வெளியிட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் பாம்பே கனெக்‌ஷன் நிறுவனம் மறுபதிப்பு செய்தபிறகுதான் உலகம் வாய்பிளந்தது. சிகாகோக்காரர்கள் இதைக் கேட்டுத்தான் கற்றார்கள் என்று சிலர் பெருமைக்காகச் சொல்வதை நம்பாதீர்கள், அதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனால் யமன், பூபாலி, மால்கௌன்ஸ் என்று அவர் வரிசையாக வாசிப்பதைக் கேட்கும்போது கல்யாணியையும் மோகனத்தையும் இந்தோளத்தையும் அறிந்த நம் காது வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு சுகத்தை அடைகிறது. மறுபதிப்பையே வாங்குங்கள்.

3. லேபிளில் தொலைபேசி எண்ணைத் தேடுங்கள்

மிக எளிதான சோதனை இது. அந்தக் காலத்து நிறுவனங்கள் லேபிளிலோ உறையிலோ முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிடுவது வழக்கம். 1996 அக்டோபர் வரை சிகாகோ நகரம் முழுவதும் 312 என்ற குறியீட்டில்தான் இருந்தது. அதன்பிறகு நகர மையத்துக்கு வெளியே 773 வந்தது. ஆக, 1987 என்று சொல்லப்படும் தட்டில் 773 எண் இருந்தால் அது குறைந்தது ஒன்பது ஆண்டு பிந்தியது.

லண்டனுக்கும் இதே கணக்கு உண்டு. 1990 மே மாதம் வரை 01, அதற்குப்பின் 071, 081. 1995இல் நடுவே 1 சேர்ந்து 0171, 0181 ஆனது. 2000இல் 020. 1988 தட்டில் 0171 என்று இருந்தால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

4. வெற்றுப்பகுதியைப் படிப்பது

நான் இடறி விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். அதில் கையால் கீறியோ அச்சு குத்தியோ எழுத்துகள் இருக்கும். இதை மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். இணையத்தில் எல்லோரும் "மேட்ரிக்ஸைப் பார்" என்கிறார்கள். நானும் பார்த்தேன். லேபிளில் உள்ள வெளியீட்டு எண்ணும் வளையத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போயின. அசல்தான் என்று முடிவுகட்டினேன். தவறு. எத்தனை முறை மறுபதிப்பு செய்தாலும் வெளியீட்டு எண்ணை அப்படியே எழுதுவார்கள். எண் ஒத்துப்போவதால் ஒன்றும் நிரூபணமாகாது.

பார்க்க வேண்டியது கையெழுத்தை. அச்சுக்கான மூலத்தட்டைப் புதிதாக வெட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் உட்கார்ந்து கீறுகிறார். ஒருவருடைய 1க்கு அடியில் கோடு இருக்கும், இன்னொருவருடையதில் இருக்காது. ஒருவர் 7ஐக் குறுக்கே வெட்டுவார். எங்கோ தவறாக எழுதி அடித்திருப்பார்கள், அந்த அடித்தல்கூட அடையாளம்தான். வெட்டியவர் தம் பெயரையோ குறியையோ விட்டுப்போவதும் உண்டு. பிரிட்டிஷ் தட்டுகளில் "எ போர்க்கி பிரைம் கட்" என்று கீறியிருந்தால் ஜார்ஜ் பெக்கம் வெட்டியது. அதைப் பார்த்தால் நான் விலை பேசாமல் எடுத்துவிடுவேன்.

படிக்கும் விதம்: கைபேசி விளக்கை நேராக அடித்தால் எல்லாம் வெளுத்துப்போகும். தட்டின் மட்டத்துக்கு விளக்கை இறக்கி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கைபேசியை அசைக்காமல், தட்டை மெதுவாகச் சுற்றுங்கள். கீறல்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். இன்னொரு கைபேசி இருந்தால் அதை வீடியோவாக எடுங்கள், புகைப்படத்தில் பாதி எழுத்து தப்பிவிடும். பிறகு இசைத்தட்டு விவரங்களைத் திரட்டிவைக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அதே வெளியீட்டின் பழைய பதிப்புப் படங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மெல்லிய காகிதத்தை வைத்து மென்மையான பென்சிலால் தடவியும் படிக்கலாம். அதை வீட்டில் செய்யுங்கள். நான் கடையில் செய்து திட்டு வாங்கினேன்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பழைய அச்சுத்தகட்டையே வைத்து மறுபதிப்பு அழுத்தியிருந்தால் கையெழுத்தும் அதேதான் இருக்கும். அப்போது லேபிளும் எடையும்தான் துணை. சமையலறைத் தராசில் 180 கிராம் காட்டினால் அநேகமாகப் பிற்காலத்தது. 80களின் தட்டுகள் பெரும்பாலும் அதைவிட மெலிந்தவை.

5. வேகம்

பல தட்டுகளில் 33ஆ 45ஆ என்று எழுதியிருக்காது. காதை நம்பாதீர்கள், இந்த இசை எந்த வேகத்திலும் ஓரளவு ஒத்துப்போகும். அரை நிமிடத்துக்கு டிரம் அடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 120க்குப் பக்கத்தில் வந்தால் சரி. 89 வந்தால் 45இல் ஓட்ட வேண்டியதை 33இல் ஓட்டுகிறீர்கள். 162 வந்தால் நேர்மாறு.

6. கடையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது

கீறலை எல்லோரும் பார்க்கிறார்கள், நடுத்துளையை யாரும் பார்ப்பதில்லை. துளை சற்று விலகியிருந்தால் சுருதி அலையும். 303இன் ஒலியே வழுக்கிக்கொண்டு போவதால் காதுக்கு இந்தக் கோளாறு பிடிபடாது. ஊசியை வைத்துவிட்டு, குனிந்து, ஊசி தாங்கும் கையை மட்டும் பாருங்கள். சுற்றுக்கு ஒருமுறை இடமும் வலமும் ஊஞ்சல்போல் ஆடினால் விட்டுவிடுங்கள்.

7. கழுவுதல்

காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, புகைப்படச் சுருள் கழுவும்போது சேர்க்கும் திரவத்தில் இரண்டு சொட்டு. பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம், படலம் தங்கிவிடும். கையால் சுற்றும் நாஸ்டி தொட்டி எனக்குப் போதுமானதாக இருக்கிறது, மோட்டார் வைத்த விலையுயர்ந்த இயந்திரங்களின் காசுக்கு இன்னும் பத்து தட்டு வாங்கலாம். தாத்தா காலத்து 78 தட்டுகளை இந்தக் கலவையில் போட்டுவிடாதீர்கள். அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் கரைந்துவிடும். காய்ந்தபின் பழைய காகித உள்ளுறைக்குள்ளேயே திரும்பப் போடாமல், புது உறை வாங்குங்கள்.

பிற்சேர்க்கை: தொலைபேசி எண் பற்றி ஒரு வாசகர் சரியான திருத்தம் அனுப்பினார். பழைய லேபிளை அப்படியே படமெடுத்து அச்சிடும் மறுபதிப்புகளில் 312 எண்ணும் அப்படியே வந்துவிடுகிறது. ஆகவே 773 இருந்தால் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம், 312 இருந்தால் அசல் என்று சொல்ல முடியாது. மூன்றாம் படியைத் தனியாக நம்பாமல் நான்காம் படியோடு சேர்த்தே பயன்படுத்துங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: பேஸ் கனமாக வரும் இடங்களில் ஊசி துள்ளுவதாக மூவர் எழுதியிருந்தார்கள். மூவருமே தட்டு தேயக்கூடாது என்று ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைத்து வைத்திருந்தார்கள். நானும் ஆரம்பத்தில் 1.2 கிராமில் ஓட்டினேன். எடை போதாத ஊசிதான் பள்ளத்துக்குள் தாவித்தாவி அதைச் சேதப்படுத்தும். நான் வைத்திருக்கும் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ ஊசிக்கு 2 கிராம் என்று நிறுவனமே சொல்கிறது. ஊசித் தராசு ஒன்று வாங்கி அளந்து வையுங்கள், ஊசி தாங்கும் கையிலுள்ள எண்வளையத்தை நம்ப வேண்டாம். இருவருக்குத் துள்ளல் நின்றது. மூன்றாமவருக்கு நிற்கவில்லை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் துள்ளியது. உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னேன். பள்ளங்களின்மேல் பழுப்பாக, மிளகு அளவுக்கு, ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. வெந்நீரில் நனைத்த பஞ்சைக் கால்மணி நேரம் அதன்மேல் வைத்ததும் இளகிவிட்டது. பீர் வாடை வந்தது என்று எழுதியிருக்கிறார்.