உப்புத் தண்ணீர் ஊரில் பாத்ரூமைப் புதுப்பிக்க

வேலூர் வட்டாரத்தில் சத்துவாச்சாரி, காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் இருபது முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளில் பாத்ரூம் தரையைப் பெயர்த்தால் துருவேறிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும், தண்ணீர் நிற்காத வெறும் பெண்டு (வளைவுக் குழாய்) மேல் வைத்த ஜாலியும் கட்டாயம் வரும். வாட்டர்ப்ரூஃபிங் இருந்தால் அதிசயம். இதை அப்படியே விட்டுவிட்டு மேலே புது டைல்ஸ் ஒட்டினால், இரண்டாவது மழைக்காலத்துக்குள் அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் உப்பிக் கொண்டு வரும். ஆகவே செலவையும் பொறுமையையும் தரைக்கு அடியில் போடுங்கள். டைல்ஸ் கடைசி நான்கு நாள் வேலைதான்.

இங்கே கணக்கெல்லாம் 5 அடிக்கு 7 அடி பாத்ரூமுக்கு, ஒரு வெஸ்டர்ன் கிளாசட், ஒரு வாஷ்பேசின், ஒரு ஷவர் என்று வைத்துக் கொண்டது. வீட்டில் ஒரே பாத்ரூம்தான் என்றால் குறைந்தது மூன்று வாரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் அவசரப்பட்டால் கெடுவது வாட்டர்ப்ரூஃபிங்தான். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் பூச்சு இறுகுவதற்கு முன்பே காய்ந்து விரிசல் விடும். வேறு வழியில்லை என்றால் கலவை வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எதை நீங்களே செய்யலாம்

உடைப்பது, பைப் போடுவது, வாட்டர்ப்ரூஃபிங், சுவர் டைல்ஸ், கிரவுட் (இடுக்கை அடைக்கும் கலவை), ஃபிட்டிங்ஸ் எல்லாம் கை பழகினால் வரும். கீசருக்கான ஒயரிங்கை மட்டும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்: 16 ஆம்பியர் சாக்கெட், தனி 20 ஆம்பியர் எம்.சி.பி., 4 சதுர மி.மீ. ஒயர், எர்த், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இதில் எதையும் குறைக்கக் கூடாது. தரை டைல்ஸுக்கும் ஒரு நாள் கொத்தனாரை வைத்துக் கொள்வது மோசமான யோசனை இல்லை. வாட்டம் என்பது கண்ணுக்கும் கைக்கும் பழகி வர வேண்டியது.

உடைப்பது

மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து பைப்பைக் காலி செய்யுங்கள். கழிவுக் குழாய் வாயில் சாக்குத் துணியை அடைத்துவிடுங்கள். ஒரு கை ஜல்லி உள்ளே போனாலும் அடைப்பு தெருப்பக்கச் சேம்பரில் போய்த்தான் தெரியும். மேலிருந்து கீழே உடைத்து வாருங்கள். டைல்ஸோடு பழைய பூச்சையும் செங்கல் தெரியும் வரை எடுக்க வேண்டும். தட்டினால் டொக்கு டொக்கு என்று கேட்கும் இடம் எதையும் விடாதீர்கள். டவுனுக்குள் இருக்கும் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் டெமாலிஷன் மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியும் போதும். பைப்புக்குக் காடி வெட்டும்போது நெடுக்குவாட்டில் வெட்டுங்கள். நாலரை அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் நீளமாகக் காடி போனால் சுவர் பலம் இழக்கும்.

முதல் மாடியில் பாத்ரூம் தளம் பள்ளமாக இறக்கிக் கட்டியிருந்தால், அதற்குள் நிரப்பியிருக்கும் செங்கல் துண்டு நனைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் முழுவதும் அள்ளி எறிய வேண்டியதுதான். அந்த இடிபாட்டையே திரும்பப் போட்டு நிரப்புவது வழக்கமாக நடக்கும் தப்பு. செங்கல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக் கொண்டு வருஷக்கணக்கில் கீழ் வீட்டுக் கூரையில் விடும்.

கழிவுக் குழாய்

கிளாசட்டுக்கு 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீருக்கான பி.வி.சி.) பைப், தரை டிராப்பிலிருந்து (ஜாலிக்கு அடியில் தண்ணீர் நிற்கும் கிண்ணம்) 75 மி.மீ., வாஷ்பேசினுக்கு 40 மி.மீ. 110 மி.மீ. பைப்புக்கு 10 அடிக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம் இறக்கம் கொடுங்கள். அதிகம் கொடுத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் முந்திக்கொண்டு ஓட, கழிவு பின்தங்கி நிற்கும்.

தரையில் வைப்பது 50 மி.மீ. தண்ணீர் நிற்கும் டிராப்பாக இருக்க வேண்டும். அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. கோடையில் பயன்படுத்தாத பாத்ரூமில் அது வற்றிவிடும், வாரம் ஒரு குவளை ஊற்றினால் தீர்ந்தது. வாஷ்பேசின் கழிவையும் இதே டிராப்பில் சேர்த்துவிட்டால் வற்றும் கவலையே இல்லை. செப்டிக் டேங்க் வைத்த வீடு என்றால் குளியல் தண்ணீரை அதில் விடாமல் தனியாக வெளியேற்றுங்கள், டேங்க் சீக்கிரம் நிரம்பாது.

கிளாசட்டின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து குறைந்தது 15 அங்குலம் தள்ளி இருக்கட்டும். இந்தச் சுவர் அளவைச் செங்கலிலிருந்து எடுத்தால் ஏமாந்து போவீர்கள்: பூச்சு, பசை, டைல்ஸ் சேர்ந்து ஒன்றேகால் அங்குலம் தின்றுவிடும். கிளாசட்டைக் கடையிலேயே தேர்ந்தெடுத்து, அதன் வாய் சுவரிலிருந்து 9 அங்குலமா 12 அங்குலமா என்று அளந்துகொண்டு வந்த பிறகே பைப்பைப் பதியுங்கள்.

தண்ணீர்க் குழாய்

சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சி.பி.வி.சி. போதும். மெயின் முக்கால் அங்குலம், குழாய்க்கு அரை அங்குலம். வெட்டிய முனையின் பிசிறை எடுத்து, பைப்பிலும் ஃபிட்டிங்கிலும் சால்வென்ட்டை மெல்லிசாகத் தடவி, கால் சுற்றுத் திருகித் தள்ளி அரை நிமிஷம் பிடித்திருங்கள். இல்லாவிட்டால் பைப் பின்னுக்கு நழுவும். வெயிலில் ஜெல்லி மாதிரி ஆகிவிட்ட சால்வென்ட் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். குழாய் மாட்டும் இடமெல்லாம் பித்தளைத் திருகு உள்ள ஃபிட்டிங்காக இருக்க வேண்டும். அங்கே டெஃப்ளான் டேப் மட்டும் சுற்றுங்கள். சணலும் பெயின்ட்டும் ஜி.ஐ. காலத்து வேலை. கீசரில் சி.பி.வி.சி.யை நேராக மாட்டாமல் பின்னல் ஹோஸ் வழியாக இணையுங்கள்.

தரையிலிருந்து உயரம்: வாஷ்பேசின் மேல்விளிம்பு 32 அங்குலம், பக்கெட் குழாய் 24, ஷவர் கை ஆறேமுக்கால் அடி. சுடுதண்ணீர் இடது பக்கம், பச்சைத் தண்ணீர் வலது பக்கம். தரைத்தள வீட்டில் மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே பெரும்பாலும் பத்தடி உயரம்கூட இருக்காது. அந்த அழுத்தம் 0.3 பார்தான். கடையில் பளபளவென்று தொங்கும் பெரிய மழை ஷவரை வாங்கினால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நான்கு அங்குல ஷவர் போதும், ரப்பர் துளை உள்ளதாகப் பாருங்கள்.

எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, மறுநாள் கைப்பம்பால் ஆறு கிலோ அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் முள் இறங்குகிறதா பாருங்கள். கைப்பம்பு பிளம்பர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். காடியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் கண்ணாடி மாட்ட டிரில் போடுகிற அன்று அதன் அருமை தெரியும்.

வாட்டர்ப்ரூஃபிங்

முதலில் தண்ணீர். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடும் உப்பு. அதில் கலக்கிய பூச்சில் வெள்ளை உப்புப் பூக்கும், மேலே போட்ட கோட்டிங் உரிந்து வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 ஒரு லிட்டர் தண்ணீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது. பாத்ரூமுக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான். மாநகராட்சித் தண்ணீர் வரும் அன்று ஒரு 200 லிட்டர் டிரம்மைப் பிடித்து வைத்து, பூச்சுக்கும் கோட்டிங்குக்கும் பசைக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

சுவர்ப் பூச்சு 1:4 (ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல்), பூச்சுக்கான நொறுக்கு மணலான பி-சாண்டில். தரையும் சுவரும் சேரும் மூலை முழுக்க இரண்டு அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை கட்டுங்கள். நேர் மூலையில் கோட்டிங் மடிந்து கீறல் விடும் என்பதால்தான் இது. தளத்தைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு பைப்பைச் சுற்றியும் அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, சுருங்காத கிரவுட்டால் அடையுங்கள். ஒழுக்கில் முக்கால்வாசி இந்த வளையங்களில்தான் தொடங்கும். ஏழு நாள் நனைத்த பிறகு பாலிமர் சிமென்ட் கோட்டிங்.

சுவர் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. மூலைகளிலும் பைப் வாய்களிலும் ஃபைபர் வலையைப் பதித்து முதல் கோட்டை நெடுக்கில் அடியுங்கள், நான்கைந்து மணி நேரம் கழித்து இரண்டாவதைக் குறுக்கில். தரை முழுக்க, சுவரில் ஓரடி, ஷவர் சுவரில் ஆறடி. வாசற்படியைத் தாண்டி வெளியே மூன்று அங்குலமும் சேர்த்து அடியுங்கள். பலர் வாசலில் நிறுத்திவிடுகிறார்கள், ஹால் சுவரில் ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

மூன்று நாள் காய்ந்ததும் டிராப்பை அடைத்து, வாசலில் ஒரு வரிசை செங்கல் கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுங்கள். சுவரில் பென்சில் கோடு போடுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் தானாகவே கொஞ்சம் ஆவியாகும், அது ஒழுக்கா ஆவியா என்று குழம்புவீர்கள். அதற்கு ஒரு வழி: அதே அறையில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு இறங்கினால் கவலையில்லை. தரையில் மட்டும் அதிகம் இறங்கினால் பைப் வளையங்களிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

வாட்டமும் தரையும்

டிராப் வாசலுக்கு எதிர்மூலையில், ஷவருக்கு அடியில் இருப்பது நல்லது. டியூப் மட்டத்தால் நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு அடியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து வாசலோரத்தில் தரை டைல்ஸ் முகம் 36 அங்குலம் கீழே வந்தால், டிராப் வாய் 37¼ அங்குலம் கீழே வர வேண்டும். எட்டரை அடி மூலைவிட்டத்துக்கு ஒன்றேகால் அங்குலம், ஏறக்குறைய 80க்கு 1. மற்ற இரண்டு மூலைகளையும் டிராப்பிலிருந்து இதே கணக்கில் குறியுங்கள். ஜாலி, டைல்ஸை விட இரண்டு மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். வெளித்தரையை விட பாத்ரூம் வாசலோரம் அரை அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். வாசலில் ஒரு கிரானைட் பட்டை போட்டுவிட்டால் தண்ணீர் தாண்டாது.

தரைக்கு 12×12 அங்குல ஆன்டி-ஸ்கிட் (வழுக்காத) டைல்ஸ். இரண்டடி டைல்ஸ் இரண்டு பக்கச் சாய்வுக்கு வளையாது, மூலை தூக்கிக்கொண்டு நிற்கும்.

டைல்ஸ்

சுற்றளவு 24 அடி, உயரம் 7 அடி: 168 சதுர அடி. கதவைக் கழித்தால் 150. பத்து சதவீதம் சேதாரம் சேர்த்து 165. 12×18 டைல்ஸ் ஒன்று ஒன்றரை சதுர அடி, ஆக 110 டைல்ஸ். தரைக்கு 35 சதுர அடி, சேதாரத்தோடு 39. பெட்டிகளில் ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் அடுத்த லோடில் அதே நிறம் கிடைக்காது. ஒரு பெட்டி கூடுதலாக வாங்குங்கள்.

டைல்ஸ் பசை 20 கிலோ மூட்டை 40 முதல் 50 சதுர அடிக்கு வரும், ஐந்து மூட்டை வாங்கினால் சரியாக இருக்கும். பசையில் ஒட்டும் டைல்ஸை ஊற வைக்கக் கூடாது. ஊற வைப்பது சிமென்ட் பால் முறைக்கு. பல் கரண்டியால் ஒரே திசையில் வரி இழுத்து, டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று என்று ஐந்து உருண்டை வைத்து ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் காலியில் தண்ணீர் சேரும், ஆணி அடித்தால் டைல்ஸ் உடையும். கீழ் வரிசையை விட்டுவிட்டு, ரசமட்டம் பார்த்து ஒரு பட்டியை அடித்து இரண்டாவது வரிசையிலிருந்து ஏறுங்கள். தரை முடிந்த பிறகு கீழ் வரிசை, தரை டைல்ஸ் மேல் உட்காரும்படி. சுவருக்கு 2 மி.மீ., தரைக்கு 3 மி.மீ. ஸ்பேசர்.

ஒரு நாள் கழித்து கிரவுட். எபாக்ஸிதான் வாங்குங்கள், உப்புத் தண்ணீருக்கு சிமென்ட் கிரவுட் ஒரு வருஷத்தில் வெளுத்துப் போகும். வெயிலில் எபாக்ஸி சீக்கிரம் இறுகும் என்பதால் மொத்தமாகக் கலக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, ஒவ்வொரு நான்கு அடிக்கும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போங்கள். சுவரும் தரையும் சேரும் கோட்டில் கிரவுட் வேண்டாம், பூஞ்சை பிடிக்காத சிலிகான்.

ஃபிட்டிங்ஸ்

மேட் கறுப்புக் குழாய்கள் படத்தில் அழகு. இந்த ஊர்த் தண்ணீரில் பத்தே நாளில் வெள்ளைப் புள்ளி. குரோம் வாங்குங்கள், பித்தளை உடம்பு, செராமிக் டிஸ்க். ஆங்கிள் காக் (சுவரில் தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வு) எல்லாவற்றிலும் ஃபில்டர் இருப்பது நல்லது. மாதம் ஒரு முறை மூடித் திறங்கள், இல்லாவிட்டால் உப்புப் பிடித்து ஒருநாள் அவசரத்துக்கு மூட வராது. கீசரில் கண்ணாடிப் பூச்சுத் தொட்டியும், தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் கம்பியும் இருக்க வேண்டும். சூடு ஏற ஏற உப்பு அதிகம் படியும் என்பதால் தெர்மோஸ்டாட்டை 50-55 டிகிரியில் வையுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை கம்பியைக் கழற்றிப் பாருங்கள்.

கறைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள், அது குரோமை அரித்துவிடும். சிட்ரிக் ஆசிட் தூள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன், பத்து நிமிஷம் ஊற விட்டுத் துடைத்தால் போதும்.

கிளாசட்டை சிமென்ட் வைத்துக் கட்டாமல், அடியில் ஸ்குரூ போட்டுச் சுற்றிலும் சிலிகான் அடியுங்கள். பின்பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் சிலிகான் இல்லாமல் விடுங்கள். உள்ளே ஒழுகினால் அந்த வழியாகத் தண்ணீர் வெளியே வந்து காட்டிக் கொடுக்கும். சிலிகான் காய 24 மணி நேரம் ஆகும், அதுவரை பாத்ரூமைப் பூட்டி வைத்துவிடுங்கள்.