கமராவுக்கு மூன்று மாதம், லென்ஸுக்கு மூன்று நிமிடம்

போன மாதம் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி மட்டக்களப்பு கல்லடியில் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். புதுக் கமராவைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார். "அண்ணன், கமரா பழுது போல. மண்டபத்துக்குள்ள எடுத்தா எல்லாம் மணல் தூவினமாதிரிக் கிடக்கு" என்றார். அக்காவின் மகளுடைய சாமத்திய வீட்டுப் படங்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கமராவில் ஒரு குறையும் இல்லை. நல்ல ஃபுல் ஃபிரேம் பொடி, அதாவது படத்தைப் பதியும் சென்ஸர் பெரிதாக உள்ள கமரா உடல். அதன் முன்னால் பெட்டியோடு வந்த கிட் லென்ஸ்.

எவ்வளவு காலம் யோசித்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். "மூணு மாசம் அண்ணன். யூடியூபில பார்க்காத வீடியோ இல்ல." லென்ஸை? "அது கமராவோட வந்ததுதானே."

இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பற்றரியைச் சார்ஜ் போட மறப்பது, மெமரி காட் இல்லாமல் கலியாண வீட்டுக்குப் போய் நிற்பது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை பட்டால் ஆயுளுக்கும் மறக்காது. காசைக் கொடுப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள் வேறு. அவற்றைத் திருத்த இன்னொரு தடவை காசு வேண்டும்.

காசு முழுவதையும் பொடியில் போடுவது

ஒன்பது வருடங்களுக்கு முன் படுவான்கரையில் ஒரு ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேறியது. ஆறேழு மாதம் பழகிய கூத்து. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மகன், இவனுகள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போயிருவானுகள். நல்லாப் புடிச்சு வை." அதற்காகவே கடன் எடுத்துப் புதுக் கமரா வாங்கினேன். இருந்த காசு பொடிக்கே சரியாய்ப் போனது. லென்ஸ் பிறகு பார்க்கலாம் என்று கிட் லென்ஸோடு போனேன்.

வட்டக்களரி என்ற வட்ட மேடை, சுற்றிவரக் கட்டிய பல்புகள், விடியும்வரை ஆட்டம். அரசன் வரவு வந்தது. கரப்புடுப்பு என்ற கூத்து உடையோடு அந்தப் பொடியன் மத்தளத்துக்குச் சுழன்று ஆடுகிறான். நான் லென்ஸை முழுதாக இழுத்து முகத்துக்குக் கிட்டப் போகிறேன். இழுத்த இடத்தில் அந்த லென்ஸ் திறப்பது எஃப் 5.6 வரைக்கும்தான் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது, வெளிச்சம் கூட). வெளிச்சத்துக்கான உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400 வைத்தும் ஷட்டர் வேகம் 1/30 செக்கனுக்கு மேல் ஏறவில்லை. சுழலும் மனிதனை 1/30இல் பிடிக்கவே முடியாது. ஐஎஸ்ஓவை இன்னும் ஏற்றினால் முகம் புள்ளி புள்ளியாய் உடைகிறது. விடியும்வரை இந்த இரண்டுக்கும் நடுவில் அல்லாடினேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாவியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் ஒரு படத்தையே பார்த்தார். பிறகு, "இதில ஆடுறது ஆர் மகன்?" என்று கேட்டார். அரசனாய் ஆடியது அவருடைய சொந்த மருமகன். அந்தக் கூத்து மறுபடி அந்த ஊரில் களரி ஏறவில்லை. ஆடியவர்களில் பாதிப்பேர் இப்போது ஊரில் இல்லை.

அந்த இரவு என்னிடம் இல்லாமல் போனது விலை கூடிய கமரா அல்ல. ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். கெனன், நிக்கோன், சோனி மூன்றிலும் மலிவான லென்ஸ்களின் வரிசையில் கிடைப்பது. எஃப் எண்ணின் கணக்கை ஒருதடவை போட்டுப் பாருங்கள். 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கினால் ஏறக்குறைய 9.7. அதாவது எஃப் 1.8இல் உள்ளே வரும் வெளிச்சம் எஃப் 5.6இல் வருவதைப்போல் பத்து மடங்கு. எனக்குக் கிடைத்த 1/30 அந்த லென்ஸோடு கிட்டத்தட்ட 1/300 ஆகியிருக்கும். அதே பொடி, அதே ஐஎஸ்ஓ, அதே பல்பு. அரசனின் முகம் கிடைத்திருக்கும்.

"ஃபுல் ஃபிரேம் எண்டா இருட்டிலயும் எடுக்கும் அண்ணன்" என்பார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவுக்கு? ஃபுல் ஃபிரேம் சென்ஸரின் பரப்பு, ஏபிஎஸ்-சி என்கிற குரொப் சென்ஸரைப்போல் 2.25 மடங்கு, கெனனின் குரொப் சென்ஸர் இன்னும் கொஞ்சம் சிறியது, அதனோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு. சென்ஸரால் வருகிற இலாபம் அவ்வளவுதான். எஃப் 5.6இல் நிற்கும் லென்ஸை எடுத்துவிட்டு எஃப் 2.8 லென்ஸைப் பூட்டினால் வெளிச்சம் நான்கு மடங்கு. அப்படியென்றால், இழுத்துப் பிடிக்கும் முகப்படத்தில், கிட் லென்ஸ் பூட்டிய ஃபுல் ஃபிரேமை எஃப் 2.8 பூட்டிய குரொப் கமரா வென்றுவிடும். மண்டபம் முழுவதும் தெரிய அகலமாக எடுக்கும்போது கிட் லென்ஸும் எஃப் 3.5 வரை திறக்கும், அங்கே ஃபுல் ஃபிரேம் முந்தும். ஆனால் குடும்பங்கள் நம்மிடம் கேட்பது மண்டபத்தை அல்ல, முகத்தை.

விலையிலும் பாருங்கள். சோனி ஏ7 IV 2021இல் வந்தபோது பொடி மட்டும் ஏறக்குறைய 2,500 டொலர். 2023இல் வந்த ஏ6700 குரொப் கமரா ஏறக்குறைய 1,400. இடையில் 1,100 டொலர். அந்த 1,100க்குள் அப்போதைய விலையில் சிக்மா 18-50 எஃப் 2.8 ஒன்றும், முகப்படத்துக்கென்றே செய்ததுபோன்ற சிக்மா 56 எஃப் 1.4 ஒன்றும் அடங்கின. நம் நாட்டில் வரியெல்லாம் சேர்ந்து தொகை ஏறினாலும் இந்த ஒப்பீடு பெரிதாக மாறாது. ஒரு பொடியும் ஒரு கிட் லென்ஸும் வைத்திருப்பவரைவிட, ஒரு படி கீழே உள்ள பொடியும் இரண்டு நல்ல லென்ஸும் வைத்திருப்பவர்தான் கலியாண வீட்டில் நிம்மதியாக நிற்பார்.

பொடி மூன்று நான்கு வருடத்தில் பழசாகிவிடும். அடுத்த மொடல் வந்த அன்றே விலை விழும். லென்ஸ் அப்படியல்ல. 1987இல் வந்த கெனன் ஈஎஃப் மவுண்ட் (லென்ஸைப் பொடியில் பூட்டும் வளையம்) லென்ஸ்களை இன்றைக்கும் அடாப்டர் போட்டுப் புதிய ஆர் வரிசைக் கமராவில் ஓட்டோ போகஸோடு பாவிக்கலாம். ஆகவே கையில் உள்ள காசை இரண்டாகப் பிரியுங்கள். பாதிக்குக் குறையாமல் லென்ஸுக்கு. பொடிக்கு மீதி. என்னிடம் கேட்டு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்கிறேன், பத்தில் எட்டுப் பேர் கேட்பதில்லை, எனக்கு இன்றைக்கும் அது கோபம்தான்.

அக்கரைப்பற்றுத் தம்பியின் கமராவில் என்னுடைய 50 எஃப் 1.8ஐப் பூட்டி, ஸ்டூடியோவின் லைட்டுகளை அணைத்துவிட்டு, யன்னலோரம் அவரையே எடுத்துக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணிமையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பாவித்த 50 ஒன்று எங்கே வாங்கலாம் என்று மட்டும் கேட்டார்.

"உள்ளுக்கு ஸ்டெபிலைசர் இருக்கு" என்று நம்புவது

அது உங்கள் கை நடுக்கத்தை நிறுத்தும். ஆடுகிறவரை நிறுத்தாது.

மெகாபிக்சல்

24 போதும். 6000க்கு 4000 புள்ளி. 12க்கு 18 அங்குல அல்பம் தாராளமாய் அடிக்கலாம்.

பெட்டியில் "4கே" என்று இருந்தால் சரி என்பது

4கே என்பது வீடியோவின் அளவு மட்டும்தான், எந்த 4கே என்று கேளுங்கள். ஏ7 IV 4கேயில் செக்கனுக்கு 50, 60 ஃபிரேம் வைத்தால் சென்ஸரின் நடுப்பகுதியை மட்டும்தான் எடுக்கும். 28 மி.மீ. லென்ஸ் அப்போது 42 போல நடந்துகொள்ளும். சின்ன வீட்டு முற்றத்தில் மணவறைக்கு முன்னால் பின்வாங்க இடமில்லாமல் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும். கெனன் ஆர்10உம் 4கே 60இல் அப்படித்தான் வெட்டும். ஆர்50இல் 4கே 30க்கு மேலே கிடையாது. ஆர்6 மார்க் II வெட்டாமல் தரும், விலையும் அதற்கேற்ற மாதிரி. ஸ்லோ மோஷன் வேண்டாதவருக்கு இவை எதுவும் பிரச்சினையே இல்லை; 25இல் எடுத்துக்கொண்டு போகலாம். வேண்டியவர் கடையிலேயே அந்த மோடில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

நேரத்தையும் கேளுங்கள். முன்பு பல கமராக்கள் 29 நிமிடம் 59 செக்கனில் தானாக நின்றுவிடும். அரை மணி தாண்டிப் பதிவு செய்தால் ஐரோப்பாவில் வீடியோ கமரா என்று கணக்கெடுத்துக் கூடுதல் வரி விழுந்ததுதான் காரணம். இன்றைக்குப் பெரும்பாலும் நிறுத்துவது சூடு. மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் உச்சி வெயிலில் நிற்கப் போகிறவர், குளிரூட்டிய அறையில் இருந்து யாரோ செய்த பரிசோதனையை நம்பி வாங்கக் கூடாது.

50 ஹேர்ட்ஸை மறப்பது

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் பல எல்ஈடிகளும் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். கமரா அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் 30 ஃபிரேமும் 1/60 ஷட்டருமாக இருந்தால் வீடியோவில் வரிவரியாய் அலை ஓடும். கமராவை பால் (PAL) முறைக்கு மாற்றி 25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. இவ்வளவுதான் வேலை. சோனி இசட்வி-ஈ10 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இலாபமும் இருக்கிறது: அது 4கே 30இல் 1.23 மடங்கு வெட்டும், 25இல் வெட்டாது.

மவுண்ட்டைப் பார்க்காமல் லென்ஸ் எடுப்பது

பழைய ஈஎஃப் லென்ஸ் அடாப்டரோடு ஆர்எஃப் மவுண்ட் உள்ள கெனனின் புதிய ஆர் வரிசைக் கமராவுக்கு ஏறும். ஆர்எஃப் லென்ஸ் பழைய ஈஎஃப் கமராவுக்கு எந்த வழியிலும் ஏறாது. நிக்கோனில், போகஸ் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் புதிய இசட் கமராக்களுக்கான எஃப்டிஇசட் அடாப்டரில் பூட்டுப்படும், ஆனால் போகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். குரொப் லென்ஸை ஃபுல் ஃபிரேமில் பூட்டினால் 33 மெகாபிக்சல் ஏ7 IV 14ஆகச் சுருங்கிவிடும்.

பொடியைத் தெரிவு செய்யும் நாளிலேயே அந்த மவுண்டுக்கு வேறு கம்பனிகள் என்னென்ன லென்ஸ் செய்கின்றன என்றும் பார்த்துவிடுங்கள். சோனியில் சிக்மாவும் டாம்ரொனும் நிறைய. கெனன் ஆர்எஃபுக்கு அந்த இரண்டு கம்பனிகளும் ஓட்டோ போகஸ் லென்ஸ் விடத் தொடங்கியது 2024இல்தான், அதுவும் குரொப் கமராக்களுக்கானவற்றோடு.

குமணவுக்குப் போக எஃப் 1.8 தேடுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் எஃப் 1.8 வாங்கப் புறப்பட வேண்டாம். குமண பறவைகள் சரணாலயத்து வில்லுக் குளத்தில் காலை எட்டு மணிக்கு வெளிச்சம் கொட்டும். அங்கே தேவை தூரம். 50 மி.மீ. லென்ஸில் மஞ்சள்மூக்கு நாரை ஒரு வெள்ளைப் புள்ளி. கெனன் ஆர்எஃப் 100-400 முழுதாக இழுத்தால் எஃப் 8, அதைக் கேட்டதும் பலர் முகம் சுழிப்பார்கள். எடை 635 கிராம். குரொப் பொடியில் பூட்டினால் 640 மி.மீ. போல எட்டும். பகல் முழுவதும் ஜீப்பில் கையால் பிடித்துக்கொண்டு எடுக்கலாம். அறுகம் குடாவில் அலைச்சறுக்குப் பிடிக்கவும் அதுதான் என் முதல் தெரிவு. பின்னேரம் சூரியன் இறங்கியதும் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கமரா

கட்டாரிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்தால் மலிவுதான். ஜப்பான் சந்தைக்கென்று விற்கிற சோனி கமராக்களில் மெனு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். இங்கே வாங்குவதென்றால் பில்லில் உள்ளது ஏஜென்ட் வாரண்டியா, கடை வாரண்டியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காட்

வி30 என்று வேகம் குறித்த மெமரி காட். வீடியோ செக்கனுக்கு 100 மெகாபிட்டில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும்.

லென்ஸை அலுமாரியில் வைப்பது

லென்ஸுக்குக் காசு ஒதுக்கச் சொன்னேன்; அதைக் காப்பாற்றவும் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், கார்த்திகை தொடங்கி தை வரைக்கும் மாரி. உடுப்பு அலுமாரிக்குள், தோல் பைக்குள் வைத்த லென்ஸுக்கு இங்கே பங்கஸ் (பூஞ்சணம்) பிடிப்பது நிச்சயம். ஈரப்பதத்தை 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் வைக்கும் மின்சார டிரை கபினட் நல்லது. முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. அரிசி போட வேண்டாம், அரிசி மா உள்ளே போகும். பாசிக்குடாவிலோ கல்லடிக் கடற்கரையிலோ எடுத்துவிட்டு வந்தால், சற்று ஈரமாக்கிய மெல்லிய துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் பெட்டிக்குள். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பாவித்த லென்ஸ் வாங்கப் போகும்போது போனின் டோர்ச்சை ஒரு பக்கத்தில் பிடித்து, மறுபக்கத்தால் சரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று தூசி பரவாயில்லை, படத்தில் தெரியாது. நூல் நூலாகச் சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பங்கஸ், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதை என் மற்ற லென்ஸ்கள் இருக்கும் பெட்டிக்குள் வைக்க நான் துணியமாட்டேன்.