எலக்ட்ரிக் சைக்கிளா? முதலில் மோட்டாரை அணைத்து ஓட்டிப் பாருங்கள்

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கும்போது, முதல் ஐந்து நிமிடம் மோட்டாரை அணைத்துவிட்டு சாதாரண சைக்கிளைப் போல மிதித்து ஓட்டுங்கள். மோட்டார் தள்ளிவிடும்போது எந்த வண்டியும் சுகமாகத்தான் இருக்கும்; சீட் உயரம் பொருந்தாதது, கியர் சரியாக விழாதது, வண்டியின் கனம் எல்லாம் அதில் மறைந்துபோகும். பெரும்பாலான எலக்ட்ரிக் சைக்கிள்கள் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை, பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் அத்தனையையும் உங்கள் கால்தான் இழுக்க வேண்டும். சக்கரத்தின் நடுவில், உள்ளே கியர் இல்லாத ஹப் மோட்டார் இருந்தால் இன்னும் கவனம் தேவை: அணைத்த பிறகும் அதன் காந்தங்கள் சக்கரத்தை லேசாகப் பின்னுக்கு இழுக்கும். அது விவரக் குறிப்பில் இருக்காது, மிதித்தால் மட்டுமே தெரியும்.

அப்புறம் மோட்டாரைப் போடுங்கள், ஆனால் குறைந்த நிலையில். ஒரு சிறிய மேட்டில் நிறுத்தி, அங்கிருந்தே கிளம்பிப் பாருங்கள். சமதளத்தில் எல்லா மோட்டாரும் நன்றாகவே ஓடும்.

பெடல் இல்லாத எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் மோட்டாரை அணைத்து மிதிக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. முழங்கால் வலி உள்ளவர்களும் இதைச் செய்ய வேண்டாம். அவர்கள் வண்டியைக் கொஞ்சதூரம் உருட்டிப் பார்த்து, எடை கைக்கு அடங்குகிறதா என்று தெரிந்துகொண்டால் போதும்.