அழிந்த கேள்வியை அவசரப்பட்டு மறுபடி எழுதாதீர்கள்

சென்ற மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி, பதில்கள் வந்துகொண்டிருந்த ஒரு கூகுள் ஃபார்மில் (இணையவழிப் படிவம்) மூன்று கேள்விகளைக் கை தவறி அழித்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல், நினைவில் இருந்தபடி அவற்றை மறுபடி தட்டச்சு செய்தும் வைத்துவிட்டார். "சரி பண்ணிட்டேன் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று மாலையில் அவர் வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை 2019-இல் நானும் என் மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

எழுத்துப்பிழை பார்ப்பது, இணைப்பைச் சோதித்துவிட்டு அனுப்புவது போன்றவை யாருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே எழுதவில்லை. பதில்கள் வரத் தொடங்கிய பிறகு படிவத்தின் ஒரு பகுதி அழிந்துபோனால், பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். அழித்ததால் வரும் சேதத்தைவிட, மீட்கிறேன் என்று இறங்கிச் செய்யும் சேதம்தான் பெரும்பாலும் அதிகம்.

மறுபடி எழுதினால் மீட்டுவிட்டதாக எண்ணுவது

நம் கண்ணுக்குக் கேள்வி என்பது ஒரு வாக்கியம். படிவத்துக்கோ அது ஓர் எண். ஒவ்வொரு கேள்விக்கும் கூகுள் ஃபார்ம்ஸ் உள்ளுக்குள் ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறது. சில விடைகளை முன்கூட்டியே நிரப்பி அனுப்பும் ‘ப்ரீஃபில்டு லிங்க்’ ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதில் ‘என்ட்ரி’ என்ற சொல்லை அடுத்து அந்த எண் வருவதைக் காணலாம். ஒரு கேள்வியை அழித்துவிட்டு, ஒரு புள்ளிகூட மாறாமல் அதே வாக்கியத்தை மறுபடி எழுதினாலும், அதற்குப் புதிய எண்ணே கிடைக்கும். எனவே படிவத்தின் பதில்கள் வந்து விழும்படி இணைக்கப்பட்ட கூகுள் ஷீட்டில் பழைய நெடுவரிசை, அதுவரை வந்த விடைகளோடு அப்படியே உறைந்து நின்றுவிடும். புதிய விடைகளோ வலது கோடியில் புதிதாக முளைக்கும் வேறொரு நெடுவரிசையில் விழத் தொடங்கும். பழைய எண்ணை நம்பி அனுப்பிய ப்ரீஃபில்டு லிங்க்குகள் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடும்.

2019-இல் எனக்கு நடந்தது இது. சில கிராமங்களில் வீடுகளின் குடிநீர்ப் பயன்பாட்டைப் பற்றிய கணக்கெடுப்பு. களப்பணியாளர்கள் கைப்பேசியில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் 412 பதில்கள் சேர்ந்திருந்தன. ஒரு பிரிவின் தலைப்பு மட்டும் தேவையில்லை என்று தோன்றியதால், அதன் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து ‘டெலிட் செக்‌ஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தலைப்போடு அதன் கீழிருந்த ஒன்பது கேள்விகளும் போயின. நான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியது அதே மெனுவில் இருந்த ‘மெர்ஜ் வித் அபவ்’. அது பிரிவை மட்டும் கலைத்துவிட்டுக் கேள்விகளை மேலுள்ள பிரிவோடு சேர்க்கும்.

திரையின் இடது கீழ் மூலையில் ‘அன்டூ’ என்ற சொல்லோடு ஒரு சிறிய கறுப்புப் பட்டை சில நொடிகள் நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. சேமிக்கவில்லையே, பக்கத்தைப் புதுப்பித்தால் பழையபடி வந்துவிடும் என்று எண்ணி ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்தினேன். ஃபார்ம்ஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்தக் கணமே சேமித்துக்கொள்கிறது. ஆகவே புதுப்பித்ததால் கிடைத்த ஒரே பலன், கன்ட்ரோல்-இசட் அழுத்தி மீட்கும் வாய்ப்பும் போனதுதான். கூகுள் டாக்ஸிலும் ஷீட்ஸிலும் இருக்கும், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிப்பு வரலாறு இங்கேயும் இருக்கும் என்று தேடினேன். அன்று ஃபார்ம்ஸில் அது இல்லை.

பிறகு உட்கார்ந்து ஒன்பது கேள்விகளையும் நினைவிலிருந்து எழுதினேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. பதில் பெறுவதை நிறுத்தி வைக்கவில்லை என்பதால், அந்த நாற்பது நிமிடத்தில் 23 வீடுகளின் பதில்கள் அந்த ஒன்பது விடைகளும் இல்லாமல் வந்து சேர்ந்தன. வீட்டுக் குழாய் இல்லை என்று சொல்பவர்களை மட்டும் அந்தப் பிரிவுக்கு அனுப்பும் அமைப்பும் பிரிவோடு சேர்ந்து போயிருந்தது. அது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது.

இவையெல்லாம் பரவாயில்லை. இன்றும் என்னை உறுத்துவது ஒரே ஒரு கேள்வி. அசல் படிவத்தில் "ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கிறீர்கள்?" என்று இருந்தது. நான் மறுபடி எழுதியது, "ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது?" பிடிப்பதும் செலவாவதும் ஒன்றல்ல. ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில் எட்டுக் குடம் பிடிக்கும் வீட்டில் அன்றைக்குச் செலவாவது நான்காகவும் இருக்கலாம். முதல் 412 பதில்களில் அந்தப் பிரிவுக்கு வந்த வீடுகள் ஒரு கேள்விக்கும், நான் மறுபடி எழுதிய பிறகு வந்தவை வேறொரு கேள்விக்கும் விடை சொல்லியிருந்தன. எந்தச் சூத்திரம் போட்டும் அந்த இரண்டு நெடுவரிசைகளையும் ஒன்றாக்க முடியவில்லை. இதில் எரிச்சல் என்னவென்றால், அசல் வாசகம் எங்கும் தொலைந்துபோகவில்லை. ஷீட்டின் முதல் வரிசையில், பழைய நெடுவரிசையின் தலைப்பாக, அது எழுத்து மாறாமல் இருந்தது. பக்கத்துத் தாவலில் திறந்திருந்த ஷீட்டை நான் ஒருமுறை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு பார்த்தேன். பார்த்து இன்னொரு தவறும் செய்தேன். ஒரே மாதிரித் தலைப்புகளோடு ஒன்பது நெடுவரிசைகள் இரண்டு முறை இருப்பதைக் கண்டு, பழையவை குப்பை என்று எண்ணி அழித்தேன். அழிக்கும் முன் வந்த விடைகள் அவற்றில்தான் இருந்தன. நல்ல வேளையாக ஷீட்ஸில் பதிப்பு வரலாறு உண்டு. காலையில் முந்தைய நாள் பதிப்பிலிருந்து தனி நகல் எடுத்து, அதிலிருந்து அந்த நெடுவரிசைகளைக் கொண்டுவந்தேன்.

இப்போது நான் பின்பற்றும் வரிசை வேறு. அழிந்தது தெரிந்ததும் தாவலை மூடாமல், புதுப்பிக்காமல், முதலில் கன்ட்ரோல்-இசட். அது பலிக்காவிட்டால் உடனே பதில் பெறுவதை நிறுத்திவிட்டு, களத்தில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். அப்போது அவர்களிடம் ஒன்று கேட்பேன்: யார் கைப்பேசியிலாவது படிவம் திறந்தபடி இருக்கிறதா? திறந்திருக்கும் பக்கம், புதுப்பிக்கும் வரையில் பழைய கேள்விகளையும் விடைத் தெரிவுகளையும் காட்டிக்கொண்டே இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னால், ஷீட்டின் தலைப்பு வரிசையில் கிடைக்காத தெரிவுகளும் கிடைத்துவிடும். முன்பு எடுத்து வைத்த நகல் படிவம் இருந்தால் இன்னும் எளிது. ‘இம்போர்ட் கொஸ்டீன்ஸ்’ வழியாக அந்தக் கேள்விகளைத் தெரிவுகளோடு இழுத்துக்கொள்ளலாம். இப்படிக் கொண்டுவந்தாலும் அடையாள எண் புதியதாகவே இருக்கும் என்பதால், ஷீட்டில் இரண்டு நெடுவரிசைகள் இருக்கத்தான் செய்யும்.

அவற்றைச் சேர்க்கும் வேலையைப் பதில்கள் விழும் தாளில் செய்யக் கூடாது. தனித் தாள் ஒன்றைத் திறந்து, பழைய நெடுவரிசையில் மதிப்பு இருந்தால் அதையும், இல்லையென்றால் புதியதில் உள்ளதையும் எடுத்துக்கொள்ளும்படி ‘இஃப்’ சூத்திரத்தை, நெடுவரிசை முழுவதற்கும் ஒரே சூத்திரத்தைப் பொருத்தும் ‘அரே ஃபார்முலா’வுக்குள் எழுதினால் போதும். பதில் வரும் ஒவ்வொரு முறையும் படிவம் புதிய வரிசையைச் செருகுவதால், சாதாரணச் சூத்திரம் அந்த வரிசைகளை விட்டுவிடும்.

கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் கேள்வியைத் தேடுவது

அங்கே முழுக் கோப்புகள் மட்டுமே, அவையும் 30 நாட்களுக்கு மட்டுமே இருக்கும். கேள்விகள் அங்கே போவதில்லை.

நகல் படிவத்தைப் பதில்களின் காப்பு என்று எண்ணுவது

‘மேக் எ காப்பி’ கேள்விகளை மட்டும் எடுக்கும். பதில்களில் ஒன்றுகூட அதில் வராது.

ஷீட்டில் அழித்தால் படிவத்திலும் அழியும் என்று அஞ்சுவது

அழியாது. படிவத்தில் பதில்களை அழித்தாலும் ஷீட்டில் வந்து விழுந்தவை அப்படியே இருக்கும்.

கோபோவில் பெயரை மாற்றி எழுதுவது

களக் கணக்கெடுப்புக்குக் கோபோடூல்பாக்ஸ் பயன்படுத்துபவர்களின் நிலை இதைவிட நல்லது. அங்கே நாம் செய்யும் திருத்தம் மறுபடி டெப்ளாய் செய்யும் வரை, அதாவது களத்துக்கு வெளியிடும் வரை, வரைவாகவே இருக்கும். டெப்ளாய் செய்த பழைய பதிப்புகள் பட்டியலாக நிற்கும். அவற்றில் ஒன்றைத் தனித் திட்டமாக நகலெடுத்து, அழிந்த கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். முக்கியமான வேறுபாடு, கேள்வியின் அடையாளம் இங்கே நம் கையிலேயே இருக்கிறது: படிவத்தை எக்செல் கோப்பாக எழுதும் எக்ஸ்எல்எஸ்ஃபார்மின் ‘நேம்’ நெடுவரிசையில் முன்பு இருந்த அதே பெயரைக் கொடுத்துக் கேள்வியைத் திரும்பச் சேர்த்தால், பழைய விடைகளும் புதிய விடைகளும் ஒரே நெடுவரிசையில் சேரும். கேள்வியின் வாசகத்தை மட்டும் பார்த்துத் திரும்ப எழுதி, பெயரைத் தானாக அமையவிடுகிறவர்கள் இங்கேயும் இரண்டு நெடுவரிசைகளோடு மல்லுக்கட்ட நேரும். அழித்த கேள்வியின் விடைகள் தரவிறக்கத்தில் காணவில்லை என்று பதறுவதற்கு முன், எல்லாப் பதிப்புகளின் கேள்விகளையும் சேர்க்கும் தெரிவு ஏற்றுமதிப் பக்கத்தில் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குவால்ட்ரிக்ஸ் என்ற கணக்கெடுப்பு மென்பொருளில் அழித்த கேள்வி படிவத்தின் அடியிலுள்ள குப்பைப் பகுதிக்குப் போய்க் காத்திருக்கும். அங்கிருந்தே திரும்ப எடுக்கலாம். அந்தப் பகுதியையும் காலி செய்துவிட்டு வருபவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

எல்லோருக்கும் எடிட்டர் அனுமதி கொடுப்பது

வேண்டாம். தரவைப் பார்க்க மட்டும் வேண்டியவருக்கு ஷீட்டில் பார்வை அனுமதி போதும்.

அச்சு நகல் இல்லாமல் களத்துக்கு அனுப்புவது

மூன்று புள்ளி மெனுவில் ‘பிரிண்ட்’ கொடுத்து, பிடிஎஃப் ஆகச் சேமித்து, கோப்புப் பெயரில் தேதியைப் போட இரண்டு நிமிடம் ஆகும். அந்த மாணவியின் மூன்று கேள்விகளும் அப்படியொரு பிடிஎஃபிலிருந்துதான் எழுத்து மாறாமல் திரும்ப வந்தன. அவர் நினைவிலிருந்து எழுதியவற்றில் ஒன்று மட்டும் சரியாக இருந்தது.