எடை எந்தக் காலில் இருக்கிறது? சமூகக் கூடத்தில் உலக நடனம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

சமூகக் கூடத்து நடன வகுப்புக்கு யார் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. அலுவலகத்திலிருந்து நேராக வரும் 28 வயதுக்காரரும், முழங்கால் தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்ன 60 வயது அம்மாவும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இருவருக்கும் நன்றாக வியர்க்க வேண்டும். சல்சா சல்சாவாகவும் பாங்க்ரா பாங்க்ராவாகவும் உடம்பில் ஏறவும் வேண்டும். பாட்டை மட்டும் மாற்றிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே துள்ளலைப் போட்டால் வியர்வை வரும். சில வாரங்களில் முழங்கால் வலியும் வரும், நடனம் மட்டும் வராது. வலி வருவதும் நடனம் வராததும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: எடை எந்தக் காலில் இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அதனால் முதல் வகுப்பில் கையையும் இடுப்பையும் விட்டுவிடுங்கள். இரண்டே சொற்களைப் பழக்குங்கள்: ‘மிதி’, ‘தொடு’. மிதி என்றால் முழு எடையும் அந்தக் காலுக்குப் போய்விட வேண்டும். தொடு என்றால் கால் தரையைத் தொடும், எடை மறு காலிலேயே நிற்கும். சரியாக மிதித்தார்களா என்று பார்க்க எளிய வழி உண்டு. “மிதி” என்று சொல்லி நிறுத்துங்கள். உடனே மறு காலைத் தூக்கச் சொல்லுங்கள். உடம்பு ஆடாமல் தூக்க முடிந்தால் எடை மாறியிருக்கிறது. தூக்குமுன் ஒரு பக்கம் சாய்ந்து சரிசெய்துகொண்டால் எடை இரண்டு காலிலும் பாதிப் பாதியாக இருந்திருக்கிறது. அப்படி நிற்பவருக்கு அடுத்த ஸ்டெப்புக்கு எந்தக் கால் போக வேண்டும் என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தடுமாறுவார். ‘எனக்கு டான்ஸ் வராது’ என்று வகுப்பை விட்டுப் போகிறவர்களில் பலருக்கு உண்மையான குறை இவ்வளவுதான்.

தாளத்துக்கு நம்மிடம் இருக்கும் சொற்கட்டு, அதாவது தாளத்தை வாயால் சொல்லும் ‘தகதிமி’ போன்ற சொற்கள், பெரிய உதவி. எண்ணிக்கையைவிட அது வாயில் ஒட்டிக்கொள்ளும், காலும் அதைப் பின்தொடரும். தொடக்கக்காரர்களுக்கு மெரெங்கேயை முதலில் வையுங்கள். டொமினிக்கன் குடியரசின் நடனம் அது. 2016-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பீட்டுக்கு ஒரு மிதி, நிறுத்தமே கிடையாது. தகதிமி தகதிமி என்று சொல்லிக்கொண்டே நின்ற இடத்தில் நடந்தால் பாதி மெரெங்கே வந்துவிட்டது. மீதிப் பாதி இடுப்பு. இடுப்பை ஆட்டச் சொன்னால் எல்லோரும் இடுப்பை மட்டும் வெட்டி வெட்டித் தள்ளுவார்கள், மறுநாள் முதுகு பிடிக்கும். ஆட்டச் சொல்லாதீர்கள். காலை வைக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும், பாதத்தின் உள்விளிம்பு முதலில் படட்டும். எடை ஏற ஏற முட்டி நிமிரட்டும். முட்டி நிமிரும்போது இடுப்பு அந்தப் பக்கம் தானாக நகரும். முட்டியைப் பூட்டிவிடக் கூடாது, நிமிர்ந்தால் போதும்.

அடுத்து பச்சாட்டா. இதுவும் டொமினிக்கன் குடியரசுதான். மிதி, மிதி, மிதி, தொடு. வலப்பக்கம் மூன்று மிதி போய் நான்காவதில் இடது கால் தொடும், பிறகு இடப்பக்கம். தகதிமியில் ‘மி’ வரும்போது எடை ஏறிவிட்டால் அடுத்த சுற்றில் கால் மாறிப்போகும். முதல் வகுப்பில் கற்ற மிதி, தொடு வித்தியாசம் இங்கேதான் கைகொடுக்கும்.

சல்சாவை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம், மூன்றாவது வாரம் சரியாக இருக்கும். எட்டு எண்ணிக்கையில் ஆறு மிதிதான். 1-இல் இடது கால் முன்னே, 2-இல் வலது கால் இருந்த இடத்திலேயே எடையைத் திரும்ப வாங்கும், 3-இல் இடது கால் நடுவுக்கு வரும், 4-இல் நிற்கும். 5-இல் வலது கால் பின்னே, 6-இல் இடது காலுக்கு எடை, 7-இல் வலது நடுவுக்கு, 8-இல் நிற்கும். தகிட என்று மூன்று சொல்லி ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் அலகு) கார்வை, அதாவது இடைவெளி, விடுவது போல: த கி ட ம்… த கி ட ம்… அந்த ‘ம்’மில் கால் நின்றாலும் உடம்பு நிற்காது, எடை முழுதாக இறங்கி முடிக்கும் நேரம் அது.

இந்த 4-ஐ நிரப்பிவிடுவதுதான் சல்சாவில் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு காரணங்கள். அடி நீளமாகப் போனால் திரும்பி வர நேரம் போதாது, 3-க்கு வரவேண்டியவர் 4-இல் வருவார். முன்னே வைக்கும் அடி அவரவர் பாதத்தின் நீளத்துக்கு மேல் வேண்டாம். இன்னொரு காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. சல்சாவின் எலும்பான கிளாவே தாளத்தை 3-2 வரிசையில் சொற்கட்டாகச் சொல்லிப் பாருங்கள்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி.

மொத்தம் 16 அட்சரம். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு கைத்தட்டு. எண்ணிக்கைக்கு இரண்டு அட்சரமாக வைத்தால் மூன்றாவது தட்டு சரியாக 4-இல் விழும். கால் நிற்க வேண்டிய இடத்தில் தட்டு விழுவதால் கால் துடிக்கிறது. இதை வகுப்பில் ஐந்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து கைத்தட்டிப் பழக்குங்கள். பாதிப் பேர் எட்டு எண்ண, பாதிப் பேர் தட்டட்டும், பிறகு மாற்றுங்கள். உடற்பயிற்சி நேரம் வீணாகிறதே என்று தோன்றும். வீணாகாது. இந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு 4-இல் அவசரப்படுகிறவர்கள் கண்ணெதிரே குறைவார்கள். பல பாட்டுகளில் வரிசை திரும்பி 2-3 ஆக வரும், அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். இதே தகிட தகிட தக, அதாவது 3+3+2, ரெகேடோன் என்ற லத்தீன் பாப் பாட்டின் அடியிலும் ஓடுகிறது. ஒன்றைக் காதில் ஏற்றினால் மற்றதும் பிடிபடும்.

கொலம்பியாவின் கும்பியா, உடற்பயிற்சி வகுப்பில் ஆடும் வடிவத்தில், சல்சாவுக்கு நிதானமான தங்கை மாதிரி: கால் பின்னே போகும், எடை முன்காலுக்குத் திரும்பும், பின்னே போன கால் பக்கத்தில் வரும், ஒரு கார்வை. பின்காலின் குதிகாலைத் தரையில் வைத்துவிட்டால் உடம்பே பின்னால் சாய்ந்துவிடும். குதிகால் தூக்கியே இருக்கட்டும்.

பாலஸ்தீனம், லெபனான், சிரியா பகுதிகளின் தப்கேயைச் சேர்த்தால் வகுப்பின் முகமே மாறும். கை கோத்து வரிசையாக ஆடுவது. தனியாக ஆடக் கூச்சப்படுகிறவர்களுக்கு அந்தக் கைப்பிடி பெரிய துணை. அடிப்படை ஸ்டெப் ஆறு எண்ணிக்கை: இடது கால் வலதுக்கு முன்னால் குறுக்கே மிதி, வலது பக்கத்தில் மிதி, மறுபடி இடது குறுக்கே மிதி, வலது மிதி, இடது காலால் காற்றில் ஓர் உதை, அதே இடது காலால் தரையில் ஓர் அறை. இந்த அறையில்தான் வரிசை சிக்கிக்கொள்ளும். சத்தம் பலமாக வர வேண்டும் என்று எடையையும் சேர்த்து இறக்கிவிடுவார்கள். அடுத்த சுற்றுக்கு இடது கால்தான் வேண்டும், அதுவோ எடையின் கீழே மாட்டிக்கொண்டிருக்கும். அறை சத்தத்தோடு விழுந்தாலும் அது ‘தொடு’தான். இன்னொரு குழப்பம்: பாட்டு எட்டெட்டாக ஓடும், ஸ்டெப் ஆறாறாக ஓடும். தவறிவிட்டோம் என்று பயந்து நிறுத்துவார்கள். நான்கு சுற்று ஆடினால் 24, அதாவது மூன்று எட்டு. அங்கே தானாகச் சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு, வந்து சேரும். கோர்வை (தாளக் கணக்கோடு சமத்தில் வந்து முடியும் சொற்கட்டு வரிசை) கேட்டுப் பழகிய காதுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்.

பாங்க்ராவில் குதிப்பு அதிகம். பஞ்சாபி டோல் மேளத்தின் ஒரு முகத்தில் கனத்த குச்சி, மறு முகத்தில் மெல்லிய குச்சி; கனத்த ஒலி விழும் இடத்தில் உடம்பு கீழே இறங்கட்டும் என்று சொன்னால் துள்ளல் அளவுக்குள் நிற்கும். தரை இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி, பிறகு குதிகால், முட்டி இரண்டாவது விரலுக்கு நேராக. முட்டி உள்பக்கம் விழுகிறவரைக் குதிக்க விடாதீர்கள். அவருக்கு அதே கை, அதே தோள் துள்ளல், கால் மட்டும் குதிக்காமல் முட்டியைத் தூக்கி இறக்கட்டும். இந்த எளிய வடிவத்தை ஆசிரியர் முதலில் ஆடிக் காட்ட வேண்டும். ‘முடியாதவர்கள் இதைச் செய்யுங்கள்’ என்று பின்னால் சொன்னால் முடியாதவரும் வெட்கப்பட்டுக் குதிப்பார். கும்மியிலும் கவனம் வேண்டும்: குனிந்து தட்டும்போது இடுப்பில் மடங்காமல் முட்டியை மடக்கி இறங்கச் சொல்லுங்கள்.

எந்த நடனத்தையும் அதன் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். ‘ஆப்பிரிக்க டான்ஸ்’ என்று ஒன்று கிடையாது. கானாவின் அசொன்டோ உண்டு, அங்கோலாவின் குடுரோ உண்டு. வகுப்புக்கு ஸும்பா என்று பெயர் வைக்கக் கூடாது. கொலம்பியாவின் காலி நகரில் 1990-களில் பிறந்த அது பதிவு பெற்ற வணிகப் பெயர். பயிற்சி முடித்து உரிமம் வாங்கியவர்கள்தான் போட்டுக்கொள்ளலாம். பொது வகுப்பில் பாட்டு போடுவதற்கும் உரிமம் தேவை, கூடத்து நிர்வாகத்தோடு பேசி முதலிலேயே முடித்துவிடுங்கள்.

இனி கூடம். ஒருவருக்கு ஆறடிக்கு ஆறடி, 36 சதுர அடி. 20 பேருக்கு 720, ஆசிரியருக்கும் நடக்கவும் சேர்த்து 850 சதுர அடி இருந்தால் இடிக்காது. நம் கூடங்களில் பெரும்பாலும் சிமென்டுக்கு மேல் டைல்ஸ். அதில் கொஞ்சமும் நெகிழ்வு இல்லை. அங்கே தொடர்ந்து இரண்டு குதிப்புப் பாட்டுகள் வைக்காதீர்கள். ஓட்டத்துக்கான ஷூ தரையைக் கவ்விப் பிடிக்கும். திரும்பும்போது பாதம் நிற்க, முட்டி மட்டும் திருகிக்கொள்ளும். அடிப்பகுதி வழுவழுப்பான கேன்வாஸ் ஷூ நல்லது. அதுவும் இல்லாவிட்டால் ஒரே காலில் சுழலாமல் சிறு சிறு மிதிகளாகத் திரும்பக் கற்றுக்கொடுங்கள். ரப்பர் விரிப்பு வேண்டாம். வியர்வை சொட்டிய இடத்தைத் துடைக்க ஒரு துணி கையருகே இருக்கட்டும், துப்பட்டாவை இடுப்பில் முடியச் சொல்லுங்கள்.

வகுப்பைப் பார்த்து நிற்கும்போது கண்ணாடிபோல ஆடுங்கள்: அவர்களுக்கு வலது என்றால் உங்களுக்கு இடது. இது பழகும்வரை ‘வலது, இடது’ என்ற சொற்களே வேண்டாம். ‘ஜன்னல் பக்கம்’, ‘வாசல் பக்கம்’ என்று சொல்லுங்கள், யாருக்கும் குழம்பாது. அடுத்த ஸ்டெப்பை முன்கூட்டிச் சொல்வது தனிக் கலை. பல பாட்டுகள் 32 எண்ணிக்கைக்கு ஒருமுறை, நான்கு எட்டு முடிந்ததும், மாறும். நான்காவது எட்டின் 5-இல் வாயைத் திறந்து 7-க்குள் முடித்துவிடுங்கள். 8-இல் சொன்னால் முன்வரிசைதான் பிடிக்கும், பின்வரிசை அடுத்த எட்டுக்குத்தான் வந்து சேரும். சொல்வது இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது: “வாசல் பக்கம், கும்பியா!” கையாலும் காட்டுங்கள். கத்த வேண்டிய நிலை வந்தால் பாட்டின் சத்தம் அதிகம் என்று அர்த்தம். குறையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் குரல் போகும்.

60 நிமிடத்தில் 13, 14 பாட்டுகள் பிடிக்கும். முதல் 8 முதல் 10 நிமிடம் வார்ம்-அப், அன்று வரப்போகும் ஸ்டெப்புகளையே மெதுவாக. பிறகு வேகமான இரண்டு பாட்டுக்கு ஒரு நிதானமான பாட்டு. வாரத்துக்கு ஒரு புதிய பாட்டு போதும். பழையவை ஐந்தாறு வாரம் இருக்கட்டும். ஆட்டம் தெரிந்த பாட்டில்தான் ஆள் முழு மூச்சில் ஆடுவார், புதியதில் மூளைதான் உழைக்கும். வேகத்தைக் கண்டுபிடிக்க 15 விநாடி பீட்டை எண்ணி நான்கால் பெருக்குங்கள். தொடக்கக்காரர்களுக்கு மெரெங்கே 120-க்கும் 140-க்கும் நடுவே, சல்சா 160, 170. சல்சா 200-ஐத் தாண்டினால் அடி குறுகாமல் யாராலும் ஆட முடியாது.

புதிதாக வருபவரிடம் இதயம், ரத்த அழுத்தம், மூட்டு, கர்ப்பம் பற்றித் தனியாகக் கேளுங்கள்; ஆம் என்றால் மருத்துவரின் ஒப்புதல் வாங்கி வரட்டும். ஆடும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடுமையானது; அங்கே இரண்டு பாட்டுக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்காதீர்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், காரணமில்லாத குளிர் வியர்வை எது வந்தாலும் பாட்டை நிறுத்திவிடுங்கள். நெஞ்சு இறுக்கம் என்றால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

கடைசி வேகப் பாட்டு முடிந்ததும் யாரையும் பொத்தென்று உட்கார விடாதீர்கள். காலுக்கு விரைந்துகொண்டிருந்த ரத்தம் அங்கேயே தேங்கி, தலை சுற்றும். ஒரு பாட்டு முழுக்க மெரெங்கே நடையில் மெதுவாக நடக்கட்டும். அதன்பின் சுவரைப் பிடித்துக் கெண்டைக்கால் நீட்சி, ஒவ்வொரு காலுக்கும் 30 விநாடி, பின்குதிகால் தரையை விட்டு எழாமல். பிறகு தொடையின் முன்பக்கம், இடுப்பின் முன்பக்கம். நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் இன்று எந்த ஸ்டெப்பில் கால் மாறிப்போனது என்று கேளுங்கள். நோட்டில் எழுதிவைத்து, அடுத்த வகுப்பை அந்த ஸ்டெப்பிலிருந்தே தொடங்குங்கள்: பாட்டு இல்லாமல், சொற்கட்டு மட்டும் சொல்லி, மிதி, தொடு பார்த்து.