நோட்டீஸ் வந்த பிறகு பேனாவை எடுக்காதீர்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவர், பதிவேட்டில் விட்டுப்போன இடங்களை மளமளவென்று நிரப்பிக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஆய்வு சார், அதான்" என்றார். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே காரியம். லஞ்சம் கொடுக்காதே, வரி ஏய்க்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விழுகிற குழிகளைச் சொல்கிறேன்.

நடக்காததை நடந்ததாக எழுதுவது

அப்போது பாதுகாப்புப் பயிற்சிப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. இரண்டு மாதமாகப் பயிற்சியே நடக்கவில்லை. ஆய்வு நோட்டீஸ் வந்ததும், மேலாளர் சொன்னபடி ஒரே இரவில் எட்டு வகுப்புகளை எழுதி முடித்தேன். ஆய்வாளர் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். எட்டு வாரத்துக்கும் ஒரே மை, ஒரே அழுத்தம். அப்புறம் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். மூன்றாவது வாரம் கையெழுத்துப் போட்டிருந்தவர் அன்று விடுப்பில் இருந்திருக்கிறார்.

பயிற்சி நடத்தாததற்குச் சிறு அபராதத்தோடு போயிருக்கும். போலி ஆவணம் என்றதும் குற்ற வழக்கானது. பயிற்சி இல்லாமல் இயந்திரத்தின் முன் நின்றவர்களைப் பற்றி அந்த இரவு நான் யோசிக்கவே இல்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அரசு இதில் இவ்வளவு கடுமை காட்டக் காரணம் உண்டு. ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பக்கத்திலும் தினமும் ஓர் அதிகாரியை நிறுத்த முடியாது. நாம் எழுதி வைப்பதை நம்பித்தான் கண்காணிப்பே நடக்கிறது. அதில் பொய் எழுதினால் சட்டத்தின் கண்ணைக் கட்டிவிடுகிறோம்.

கணக்கு மோசடியில் சிக்கிய என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் விவகாரத்தில், அதன் கணக்குகளைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் காகிதங்களைக் கிழித்துத் தள்ளியது. 2002இல் தண்டிக்கப்பட்டது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் சுமார் 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனமே கலைந்துவிட்டது. விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழித்தாலோ திருத்தினாலோ 20 ஆண்டு வரை சிறை என்று 2002இலேயே அமெரிக்கா சட்டம் போட்டது.

சரி, விட்டுப்போனதை என்ன செய்வது? காலியாகவே விடுங்கள். கீழே இன்றைய தேதியிட்டு, "இந்த நாட்களில் பயிற்சி நடக்கவில்லை, இன்ன தேதியில் தொடங்குகிறோம்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

சோதனையில் தேறினால் போதும் என்று நினைப்பது

ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் சோதனைக்கூடத்தில் ஒழுங்காகப் புகை விட்டன. சோதனை நடப்பதைக் காரில் இருந்த மென்பொருள் கண்டுகொண்டு, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு வரம்பைப் போல 40 மடங்கு வரை போனது. 2015இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அம்பலப்படுத்தியது. சோதனை வைத்ததே மூச்சு விடுகிறவர்களுக்காக.

"ஏஜென்ட் செய்தது, எங்களுக்குத் தெரியாது"

பிரிட்டனின் 2010 லஞ்சத் தடுப்புச் சட்டத்தில், நிறுவனத்துக்காக ஏஜென்ட் லஞ்சம் கொடுத்தால், அதைத் தடுக்கத் தவறியதே நிறுவனத்தின் குற்றம்.

தவறு தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பது

லாரி தயாரிக்கும் நிறுவனங்கள் 14 ஆண்டுகள் கூட்டு சேர்ந்து விலை வைத்ததற்கு, 2016இல் ஐரோப்பிய ஆணையம் 293 கோடி யூரோ அபராதம் போட்டது. அந்தக் கூட்டில் இருந்த மான் (MAN) என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு அபராதமே இல்லை. விஷயத்தை ஆணையத்திடம் முதலில் சொன்னது அதுதான்.

அந்தப் பெண் மூன்று பக்கம் எழுதிவிட்டிருந்தார். கிழிக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் "இவை இன்று எழுதப்பட்டவை, செல்லாது" என்று எழுதித் தேதியிட்டார். மறுநாள் ஆய்வாளர் கேட்பதற்கு முன்பே அந்தப் பக்கங்களைத் திறந்து காட்டினோம்.