650 வாங்குகிறீர்களா? முதலில் உட்கார்ந்து பாருங்கள்

மதுரையில் பட்டறை வைத்திருக்கிறேன். "அண்ணே, ராயல் என்ஃபீல்டு 650 எடுக்கப்போறேன், எதை எடுக்கலாம்?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் இன்ஜினைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி, சூப்பர் மீட்டியோர், ஷாட்கன், பேர் (Bear), கிளாசிக் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதே 648 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின்தான். பவரும் எல்லாவற்றிலும் சுமார் 47 குதிரைசக்திதான். பேர் 650-க்கு மட்டும் இரண்டு சைலன்சருக்குப் பதில் ஒன்று; அதில் டார்க் (இன்ஜினின் இழுக்கும் திறன்) 56.5 நியூட்டன் மீட்டர், மற்றவற்றில் 52 சொச்சம். கியரைக் குறைக்காமல் லாரியை முந்தும்போது அந்த வித்தியாசம் தெரியும். மற்றபடி நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இடுப்பு, கை, பாதம் மூன்றும் எங்கே இருக்கப்போகின்றன என்பதைத்தான்.

இன்டர்செப்டரில் ஹேண்டில் அகலம், உடம்பு ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு குறை உண்டு: சிக்னலில் காலை ஊன்றினால் ஃபுட்ரெஸ்ட் சரியாகக் கெண்டைக்காலில் இடிக்கும். கொஞ்ச நாளில் காலைச் சற்று முன்னால் தள்ளி ஊன்றப் பழகிவிடுவீர்கள்.

ஜிடி-யில் ஹேண்டில் தாழ்வு, ஃபுட்ரெஸ்ட் சற்றுப் பின்னால். எண்பதுக்கு மேல் போனால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும், மணிக்கட்டுக்குப் பாரம் குறையும். பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அந்தக் காற்றுக்கு எங்கே போவது? அங்கே முழுப் பாரமும் மணிக்கட்டில்தான். தினம் ஆபீஸ் போகிறவர் அழகைப் பார்த்து இதை எடுத்தால் கழுத்துவலிக்குத் தைலமும் சேர்த்து வாங்க வேண்டும்.

சூப்பர் மீட்டியோருக்கு சீட் உயரம் 740 மி.மீ.தான், இன்டர்செப்டருக்கு 804. குள்ளமானவர்களுக்கு உடனே இதில் ஆசை வந்துவிடுகிறது. ஆனால் இதில் பாதம் முன்னால் நீட்டியிருக்கும். பள்ளம் வந்தால் மற்ற வண்டியில் காலை அழுத்தி இடுப்பைச் சற்றுத் தூக்கிவிடலாம். இதில் தூக்க வழியில்லை, அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். திருநெல்வேலி நாலுவழிச்சாலையில் சோபா மாதிரி இருக்கும் வண்டி, கிராமத்து ரோட்டில் வேறு ஆளாகிவிடும். முதுகுத்தண்டில் தேய்மானம் உள்ளவர்கள் யோசித்து எடுக்கவும். ஷாட்கனில் ஃபுட்ரெஸ்ட் நடுவில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. கிளாசிக் நிமிர்ந்து உட்காரும் வண்டி, ஆனால் 243 கிலோ. பேர் 650-க்கு சீட் 830 மி.மீ., கால் எட்டினால் மட்டும் பேசலாம்.

எடையை ஏட்டில் படித்தால் புரியாது. ஷோரூமில் வண்டியின் மேல் உட்கார்ந்து, இன்ஜினை ஆன் செய்யாமல், லேசான ஏற்றத்தில் காலாலேயே பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். சூப்பர் மீட்டியோர் 241 கிலோ, இன்டர்செப்டர் அதைவிட இருபது கிலோவுக்கு மேல் குறைவு. அந்த வித்தியாசத்தை உங்கள் தொடை சொல்லிவிடும். உங்கள் வீட்டு வாசலில் சரிவு இருந்தால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

இன்னொன்று, சக்கரம். இன்டர்செப்டரிலேயே ஸ்போக் சக்கரம் வைத்த நிறங்களில் ட்யூப் டயர் வரும். கறுப்பு இன்ஜினோடு அலாய் சக்கரம் வரும் நிறங்களில் ட்யூப்லெஸ். விலை கொஞ்சம் கூடினாலும் அலாய் எடுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பஞ்சரானால் இத்தனை கனமான வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி ட்யூப் ஒட்டிக்கொடுக்க நெடுஞ்சாலையில் ஆள் கிடைக்க மாட்டார். குரோம் பளபளப்பெல்லாம் பகலில் போட்டோ எடுக்கத்தான்.

சரி, வண்டி வந்தாச்சு. முதல் வேலை கிளட்ச், பிரேக் லிவர்களின் கோணம். சீட்டில் இயல்பாக உட்கார்ந்து விரல்களை லிவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் லிவரை ஹேண்டிலோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லிவரைச் சற்றுக் கீழே திருப்புங்கள். இன்டர்செப்டர் ஹேண்டிலையும் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பலாம். திருப்பியபின் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடுகிறதா என்று பார்க்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

அடுத்தது பின் ஷாக், அதாவது பின்பக்க ஷாக் அப்சார்பர். பலர் இதைத் தொடுவதே இல்லை, பிறகு "வண்டி தூக்கிப்போடுதுண்ணே" என்று வருவார்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தொங்கும்போது ஆக்சிலிலிருந்து (சக்கர அச்சு) சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளிவரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்டாண்டை எடுத்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஜாக்கெட், ஹெல்மெட், பையோடு ஏறி இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வையுங்கள். இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி இறங்கும் அளவு. இன்டர்செப்டரின் பின் ஷாக் மொத்தமே 88 மி.மீ. ஓடும். நீங்கள் ஏறியதும் அதில் நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, அதாவது 22 முதல் 29 மி.மீ. இறங்கினால் சரி. அதற்கு மேல் இறங்கினால் ஹூக் ஸ்பானரால் (கொக்கி மாதிரி முனையுள்ள ஸ்பானர்) ஸ்பிரிங் அடியிலுள்ள வளையத்தை ஒரு படி ஏற்றுங்கள். குறைவாக இறங்கினால் ஒரு படி குறையுங்கள். ஐந்து படிகள் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும், கண்ணால் பார்த்து எண்ணுங்கள்.

சைலன்சர் மாற்றுவது பற்றிக் கேட்காதீர்கள். இந்த இன்ஜினின் 270 டிகிரி கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கொடுக்கும் அந்தத் துடிப்புச் சத்தம் கம்பெனி சைலன்சரிலேயே போதுமான அளவு இருக்கிறது. சத்த வரம்பை மீறினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம், வாரன்ட்டியிலும் வம்பு வரும். அந்தக் காசை நல்ல சீட்டில் போடுங்கள்.

மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுவதாக இருந்தால் கிளம்பும் முன்பே ஷாக்கை இரண்டு படி ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, வளைவில் வண்டி திரும்ப அடம்பிடிக்கும், ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஊர் திரும்பியதும் பழைய படிக்கே இறக்கிவிடுங்கள்.